தோழிகளுக்குத் தெரியாத நோயோடு ஒரு கப்பல் பயணமா?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு 54 வயது வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளிக் காலத்திலிருந்து பிரியாத நான்கு தோழிகள். பிள்ளைகள் அவரவர் வழியில் போய்விட்ட பிறகு, முதல்முறையாகக் குடும்பம் இல்லாமல் நால்வர் மட்டும் கிளம்புகிறார்கள். ஏழு இரவு சொகுசுக் கப்பலில், அப்புறம் நான்கு நாள் கடற்கரை விடுதியில். முன்பணம் கட்டியாயிற்று. புறப்பட இரண்டரை மாதம் இருக்கிறது.

இவருக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரு மாத்திரை. ஒரு வருடமாகப் பாதம் இரண்டும் பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறதாம். மலைப்பாதையில் பேருந்து ஏறினாலே வாந்தி. நீச்சல் தெரியாது. இவ்வளவில் ரத்த அழுத்தம் ஒன்றுதான் தோழிகளுக்குத் தெரியும். சர்க்கரையைப் பற்றி மூச்சு விட்டதில்லை. "அவர்கள் என் தட்டை எட்டிப் பார்க்க ஆரம்பித்த நிமிடமே நான் நோயாளி ஆகிவிடுவேன், டாக்டர்" என்கிறார்.

கேட்டிருக்கும் கேள்விகள் ஐந்து. கப்பலிலேயே டாக்டர் இருக்கும்போது பயப்பட என்ன இருக்கிறது? காதுக்குப் பின்னால் ஒட்டும் குமட்டல் பட்டை தன்னிடம் இருப்பதாக ஒரு தோழி சொல்கிறார், வாங்கி ஒட்டிக்கொள்ளலாமா? பதினொரு நாளும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, வீடு திரும்பியதும் தொடரலாமா? இன்சூரன்ஸ் படிவத்தில் நோய் எதுவும் இல்லை என்று எழுதினால் பிரீமியம் குறையுமாமே? இல்லை, பேசாமல் பயணத்தையே விட்டுவிடவா?

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போய்வாருங்கள். உங்களுக்கு இருக்கும் எந்த ஒன்றும் கப்பல் ஏறத் தடையில்லை. இதைவிடச் சிக்கலான உடல்நிலையோடு கடலில் போய் நன்றாகத் திரும்பி வந்தவர்கள் நிறைய.

என்னை யோசிக்க வைத்தது உங்கள் கேள்விகளில் ஒன்றுகூட இல்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான்: "மாத்திரைகளை எல்லாம் ஒரு வைட்டமின் டப்பாவில் கொட்டி எடுத்துப் போகப் போகிறேன், கேபினில் என்னுடன் தங்கும் தோழிக்குச் சந்தேகம் வராது." இந்த டப்பாவைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப் போகிறேன்.

அந்த வைட்டமின் டப்பா

கிளிமிபிரைடு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அது கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது. வீட்டில் உங்கள் சாப்பாட்டு நேரம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கப்பலில் அப்படி இருக்காது. காலையில் துறைமுகத்தில் இறங்கி மூன்று மணி நேரம் நடப்பீர்கள், மதியச் சாப்பாடு தள்ளிப் போகும், இரவு நடனம், அதற்கு நடுவே யாராவது ஒரு கோப்பை ஒயினை நீட்டுவார்கள். மது கல்லீரலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சர்க்கரை குறையும்போது கையிருப்பிலிருந்து குளுக்கோஸை எடுத்து விடுகிற வேலையைக் கல்லீரல் அந்த நேரத்தில் சரியாகச் செய்யாது. விளைவு உடனே தெரியாமல், பல மணி நேரம் கழித்து நடு இரவிலும் வரலாம்.

சர்க்கரை 70க்குக் கீழே போனால் என்ன ஆகும்? வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், நடை தள்ளாடும், காரணமில்லாமல் கோபம் வரும், அப்புறம் தூக்கம் போல ஒரு மயக்கம். இப்போது அதே கேபினில் இருக்கும் உங்கள் தோழியின் இடத்தில் நின்று பாருங்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கப்பல் ஆடுகிறது, உங்களுக்குக் குமட்டல் வரும், இன்று கொஞ்சம் குடித்தீர்கள் என்பதுதான். அவர் பாசத்தோடு என்ன செய்வார்? போர்வையைப் போர்த்திவிட்டு, "பாவம், தூங்கட்டும்" என்று விளக்கை அணைப்பார். அந்த நேரத்தில் செய்யக்கூடாத ஒன்று அதுதான்.

விஷயம் தெரிந்த தோழி என்றால் வேலை எளிது. விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தால் 15 கிராம் சர்க்கரை. அதாவது சர்க்கரை கலந்த பானம் அரை டம்ளருக்குச் சற்று மேல், இல்லையென்றால் மூன்று நான்கு குளுக்கோஸ் மாத்திரை. டயட் பானம் உதவாது. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை, தேவைப்பட்டால் மறுபடி 15 கிராம். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, கப்பலின் அவசர எண்ணை அழைக்க வேண்டும். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்களுக்கு ஒருமுறை சரியான பிறகும் மறுபடி சர்க்கரை இறங்கலாம் என்பதால், சற்றுக் கடுமையாக வந்திருந்தால் கப்பல் மருத்துவரிடம் காட்டாமல் விடக்கூடாது.

மூவரிடமும் அறிவிக்கச் சொல்லவில்லை. கேபின் தோழி ஒருவர் போதும். மற்ற இருவருக்குச் சொல்வதும் சொல்லாததும் முழுக்க உங்கள் உரிமை. எப்படிச் சொல்வது என்று தயங்கினால் இப்படி ஆரம்பிக்கலாம்: "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். என் தட்டை நீ பார்க்க வேண்டாம். நான் உளறினால் மட்டும் இந்தப் பையில் இருக்கும் குளுக்கோஸைக் கொடு. எழுப்பியும் எழாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் கப்பலின் அவசர எண்ணைக் கூப்பிடு." உங்களுக்குப் பிடிக்காததையும் தேவைப்படுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் அவருக்கும் குழப்பமில்லை. நாற்பது வருடத் தோழி, ஒன்பது வருடமாக ஏன் மறைத்தாய் என்று கொஞ்சம் கோபித்துக்கொள்ளலாம். அதற்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் கிளினிக்கில் உட்கார்ந்து பார்த்தது. மறைக்கிறவர்கள் அதிகம் சாப்பிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு தடவையும் ஒரு பொய்க் காரணம் தேட வேண்டியிருக்கிறது, மூன்றாவது தடவை அலுத்துப்போய் வாங்கிச் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

டப்பாவுக்கே வருவோம். மாத்திரைகள் அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் இருக்கட்டும். துறைமுகச் சோதனையில் பெயரில்லாத மாத்திரைகள் கேள்வியைக் கிளப்பும் என்பது ஒரு காரணம். நீங்கள் நினைவில்லாமல் கிடக்கும்போது கப்பல் மருத்துவர் அந்த டப்பாவைத் திறந்து என்ன தெரிந்துகொள்வார் என்பது பெரிய காரணம். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் மருந்தின் மூலப்பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் கைப்பையிலேயே கொண்டுபோங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி கேபினுக்கு வர மாலைகூட ஆகலாம். தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்கான மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். நடுவில் எந்த ஊரில் இறங்கினாலும் இரண்டு நாள் மாத்திரை தோள்பையில் இருக்கட்டும், ஏனென்றால் தாமதமாக வரும் பயணிக்காகக் கப்பல் காத்திருக்காது.

காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை

பெரிய கப்பல் ஆடவே ஆடாது என்று தோழிகள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. இன்றைய பயணக் கப்பல்களின் இரு பக்கமும் தண்ணீருக்கடியில் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் உண்டு. பக்கவாட்டு ஆட்டத்தை அவை நன்றாகவே குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்தை அவ்வளவாகக் குறைக்காது. உள்காது "ஆடுகிறோம்" என்கிறது, கேபின் சுவரைப் பார்க்கும் கண் "ஒன்றும் ஆடவில்லை" என்கிறது. இந்தச் சண்டையில் மாட்டிக்கொண்ட மூளை வயிற்றைப் புரட்டுகிறது. குமட்டலுக்கு மருத்துவத்தில் சொல்லும் நாசியா என்ற சொல்லே கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்குக் கடைசிவரை கடல் குமட்டல் இருந்தது. நானும் படகில் கால் வைத்தால் வாந்தி எடுக்கிற ஆள்தான், ஆகவே இந்தப் பகுதியை அனுதாபத்தோடு எழுதுகிறேன்.

தோழி தருவதாகச் சொன்னது அநேகமாக ஸ்கோபோலமைன் பட்டையாக இருக்கும். நல்ல மருந்து. ஏறுவதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்னால் ஒட்டினால் மூன்று நாள் வேலை செய்யும். ஆனால் உங்களுக்கு அதை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். வாய் வறளும், பார்வை மங்கும், சிலருக்குக் குழப்பமும் வரும். சர்க்கரை ஏறினாலும் வாய் வறண்டு பார்வை மங்கும், இறங்கினாலும் குழப்பம் வரும். எது மருந்தால், எது சர்க்கரையால் என்று பிரிக்க முடியாமல் போகும். குறுகிய கோணக் கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. உங்களுக்கு அது இல்லை என்று கண் மருத்துவர் சொல்லாதவரை நமக்குத் தெரியாது. தவிர, அந்த மருந்து வியர்வையைக் குறைக்கும், வெயிலில் உடம்பு சூடேறிவிடும். யாருக்கோ எழுதித் தந்த பட்டையை வாங்கி ஒட்டிக்கொள்ளாதீர்கள்.

மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகளில் ஒன்றை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். இவை குமட்டல் வருவதற்கு முன்பே, ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டியவை. வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் அது வாந்தியோடு போய்விடும். தூக்கம் வரும், அதனால் மதுவோடு கூடவே கூடாது. கிளம்பும் முன் ஏதாவது ஒரு மாலை வீட்டிலேயே ஒரு மாத்திரை போட்டு, உங்களுக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இஞ்சி சிலருக்கு உதவுகிறது. மணிக்கட்டில் கட்டும் அழுத்தப் பட்டைக்குச் சான்று குறைவு, கெடுதலும் இல்லை.

கேபினை இன்னும் மாற்ற முடியுமென்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஏறி இறங்கும் சீசா பலகையில் நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் குறைவு இல்லையா, அதே கணக்கு. குமட்டும்போது படுக்கையில் கிடந்து செல்போனைப் பார்க்காமல், மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும்.

மாத்திரையை நிறுத்தலாமா?

பதினொரு நாள் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது தவறு. விருந்தும் பழக்கமில்லாத நேரங்களுமாக இருக்கும் அந்த நாட்களில்தான் அது கூடுதலாகத் தேவைப்படும். சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போகும், உடலில் நீர் வற்றும், பாதத்தில் பட்ட சின்னக் காயம் ஆறாது.

ஆனால் உங்கள் யோசனைக்குள் ஒரு சரியான எண்ணமும் ஒளிந்திருக்கிறது. வாந்தியோ பேதியோ கடுமையாகி, குடித்த தண்ணீர்கூட நிற்காத நாளில் நீங்கள் சாப்பிடும் நான்கு மருந்துகளும் தொல்லை தரக்கூடியவைதான். கிளிமிபிரைடு, சாப்பாடு இல்லாத வயிற்றில் சர்க்கரையைத் தாழ்த்தும். டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தைத் தள்ளாட வைக்கும். சிறுநீரகம் தள்ளாடினால் மெட்ஃபார்மின் உடலில் தேங்கும், அபூர்வமாக ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும். இதனால்தான் உடம்பு முடியாத நாளில் இவற்றில் எதை, எப்போது தற்காலிகமாக நிறுத்தி, எப்போது மறுபடி தொடங்குவது என்று மருத்துவர்கள் ஒரு திட்டம் தருகிறார்கள். பொதுவாகச் சாப்பாடும் தண்ணீரும் வழக்கத்துக்குத் திரும்பி ஒன்று இரண்டு நாளில் தொடர்வார்கள். உங்கள் சிறுநீரக அளவு என் கையில் இல்லை, ஆகவே இந்தத் திட்டத்தை உங்கள் மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். வாயால் கேட்டு வைத்துக்கொண்டால் போதாது, நடுக்கடலில் வாந்தி எடுக்கும்போது எதுவும் ஞாபகம் வராது. அன்றைக்கு ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் பக்கமும் போக வேண்டாம்.

கப்பலில் பேதியும் வாந்தியும் என்றால் நோரோ வைரஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. தொற்றி 12 முதல் 48 மணி நேரத்தில் திடீரென்று வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். கப்பல்கள்தான் இதற்கு ஊற்று என்று ஒரு எண்ணம் இருக்கிறது. உண்மையில் நிலத்தில் முதியோர் இல்லங்களிலும் உணவகங்களிலும் பள்ளிகளிலும் வருவதுதான் மிக அதிகம். கப்பலில் அது எண்ணப்படுகிறது, செய்தியாகிறது. உணவுக்கூட வாசலில் வைத்திருக்கும் கை திரவத்தை நம்பாதீர்கள். ஆல்கஹால் இந்த வைரஸிடம் அவ்வளவாகச் செல்லாது. சோப்பும் தண்ணீரும், 20 விநாடி. வந்துவிட்டால் மறைக்காமல் மருத்துவக் கூடத்துக்குச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு நாள் கேபினில் இருக்கச் சொல்வார்கள், அலுப்பாக இருக்கும்தான். ஆனால் நீர்ச்சத்து குறைந்தால் உடனே ஊசி வழியே ஏற்ற முடியும்.

கப்பல் டாக்டரும் இன்சூரன்ஸ் படிவமும்

கப்பலில் டாக்டர் இருக்கிறார் என்பது சரி. பெரிய கப்பல்களில் இசிஜி, எக்ஸ்ரே, அடிப்படை ரத்தப் பரிசோதனை, ஆக்சிஜன், நரம்பு வழி மருந்து எல்லாம் இருக்கும். அதை ஒரு நல்ல அவசர சிகிச்சை அறையாக நினையுங்கள், மருத்துவமனையாக நினைக்காதீர்கள். பெரிய அறுவை சிகிச்சை, மாரடைப்புக்கு அடைப்பு நீக்கும் சிகிச்சை இவற்றுக்கெல்லாம் கரைக்குத்தான் அனுப்ப வேண்டும். கரை எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்பது அன்றைய நாளைப் பொறுத்தது. ஹெலிகாப்டர் வரும் தூரத்துக்கும் ஒரு எல்லை உண்டு, வானிலையும் ஒத்துழைக்க வேண்டும். கப்பல் மருத்துவக் கூடத்தில் பார்ப்பதற்கான செலவு பெரும்பாலும் உங்கள் கேபின் கணக்கில் ஏறும். நீங்கள் கட்டிவிட்டு, பிறகு இன்சூரன்ஸில் கேட்டு வாங்க வேண்டும்.

அங்கேதான் உங்கள் படிவம் வருகிறது. நான் வக்கீல் இல்லை, ஆனால் இப்படி மறைத்துவிட்டு மருத்துவமனைக் கட்டணத்தோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே உள்ள நோயைக் கேட்டும் சொல்லாமல் விட்டால், நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவோ பாலிசியையே ரத்து செய்யவோ வழி கிடைக்கிறது. "நான் சர்க்கரையால் விழவில்லையே, வழுக்கித்தானே விழுந்தேன்" என்று அப்புறம் வாதாட வேண்டியிருக்கும். பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது, கரைக்குத் தூக்கிச் செல்லும் ஒரு பயணச் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சொல்லிவிட்டால் உங்களுக்கும் உரிமைகள் வருகின்றன. என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் கேட்கலாம், ஒரு நிறுவனம் அதிகம் கேட்டால் இன்னொன்றை நாடலாம். கப்பல் பயணம் அடங்குமா, நடுக்கடலிலிருந்து கொண்டுசெல்லும் செலவு உண்டா, சொன்ன நோயால் பயணமே ரத்தானால் பணம் திரும்புமா என்ற மூன்றையும் கேளுங்கள். சில சாதாரணப் பயணப் பாலிசிகளில் கப்பலுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். இந்தப் படிவத்தைத் தோழிகள் யாரும் பார்க்கப் போவதில்லை, ஆகவே இங்கே மறைப்பதற்குக் காரணமே இல்லை.

கடற்கரை நாட்கள்

வெறுங்காலோடு மணலில் நடந்தால் பாத எரிச்சலுக்கு நல்லது, கடல் நீர் காயத்தை ஆற்றும் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பாதத்துக்கு இரண்டும் பொருந்தாது. பஞ்சு மேல் நடப்பது போல என்றால் நரம்பு மரத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மதிய மணல் தோல் கொப்பளிக்கும் அளவுக்குச் சுடும். மற்றவர்கள் துள்ளிக் குதித்து ஓடுவார்கள், நீங்கள் நிதானமாக நடப்பீர்கள். மாலையில் காலுறையைக் கழற்றும்போதுதான் தோல் உரிந்திருப்பது தெரியும். உடைந்த சிப்பியும் அப்படித்தான். கரையிலும் தண்ணீருக்குள்ளும் மூடிய கடற்கரைக் காலணி போடுங்கள். புதிதாக வாங்கினால் இப்போதே வாங்கி வீட்டில் போட்டுப் பழக்குங்கள், புதுச் செருப்பின் உரசலும் காயம்தான். தினமும் இரவு பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

காயம் இருந்தால் கடலில் இறங்காதீர்கள். வெதுவெதுப்பான கடல் நீரில், அதிலும் ஆறு கலக்கும் இடங்களில், விப்ரியோ என்ற வகை பாக்டீரியாக்கள் இருக்கும். பெரும்பாலோரை ஒன்றும் செய்யாது. சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு அபூர்வமாகக் காயத்தின் வழியே புகுந்து, ஒரே நாளில் சதையை அழிக்கும் அளவுக்குப் போகும். கடலில் நனைந்த காயம் சிவந்து வீங்கி, வலி அதிகமாகி, காய்ச்சலும் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பச்சை சிப்பி உணவும் வேண்டாம், காரணம் அதே பாக்டீரியாதான்.

வெயிலைப் பற்றி ஒன்று. ஹைட்ரோகுளோரோதயசைடு தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். மாத்திரையை நிறுத்த வேண்டாம், நிழலும் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூச்சும் போதும். பூச்சை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நனைந்த பிறகும் மறுபடி பூச வேண்டும். குளுக்கோமீட்டர் பட்டைகளையும் வெயிலில் விடாதீர்கள், சூடு பட்டால் அவை தப்பான எண்ணைக் காட்டும்.

நீச்சல் தெரியாதவர் கடலில் இறங்கலாமா? உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில், முழங்கால் ஆழம்வரை, தாராளமாக. பல நாடுகளில் மேல்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே உள்ளதுதான் கண்காணிக்கப்படும் பகுதி. முழுச் சிவப்பு என்றால் ஆபத்து, இரட்டைச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது, ஊதா என்றால் ஜெல்லிமீன் போன்றவை இருக்கின்றன. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் ஒரு இடைவெளியைப் பார்த்து, இதுதான் பத்திரமான இடம் என்று பலர் அங்கே இறங்குகிறார்கள். பெரும்பாலும் அதுதான் தண்ணீர் கடலுக்குள் திரும்பி ஓடும் பாதை. அதில் மாட்டியவர் கரையை நோக்கிப் போராடினால் களைத்து மூழ்குவார். மிதந்தபடி கையை ஆட்டி உதவி கேட்க வேண்டும், நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும்.

ஸ்நார்க்கெலிங், அதாவது மூச்சுக் குழாய் மாட்டி நீரின் மேல் மிதந்தபடி மீன் பார்க்கும் திட்டத்தில் மட்டும் உங்களுக்கு வேண்டாம் என்கிறேன். லைஃப் ஜாக்கெட் போட்டால் போதும் என்பார்கள். குழாய் வழியே மூச்சு, பதற்றம், முன்தினம் போட்ட, தூக்கம் வரவைக்கும் குமட்டல் மாத்திரை, இறங்கிக்கொண்டிருக்கும் சர்க்கரை எல்லாம் தண்ணீரில் ஒன்றுசேர்வதை நான் விரும்பவில்லை. கண்ணாடித் தளம் போட்ட படகு கிடைத்தால் அதே மீன்களை உட்கார்ந்தபடி பார்க்கலாம்.

கப்பல் ஏறியதும் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகையைத் தோழிகள் தவிர்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் ஏறிய பல பயணிகளுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியை இறுக்கினார்கள். நீச்சல் தெரியாத உங்களுக்கு லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிப் பழகும் அந்தச் சில நிமிடம் முக்கியம்.

இந்த இரண்டரை மாதத்தில்

இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், கண்ணின் விழித்திரையும் அழுத்தமும், பாத உணர்வுப் பரிசோதனை. பாத மரப்பைப் பற்றி அவரிடம் இதுவரை சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து ஊகிக்கிறேன். ஊகம் தப்பாக இருந்தால் மன்னியுங்கள். கிளிமிபிரைடுக்குப் பதிலாக, சர்க்கரையை அவ்வளவாகத் தாழ்த்தாத வேறு மருந்துக்கு மாற முடியுமா என்றும் கேளுங்கள். மாற்றுவதானால் இப்போதே மாற்ற வேண்டும், கிளம்பும் வாரத்தில் அல்ல.

பாதத்தில் ஆறாத புண், நடந்தால் நெஞ்சில் இறுக்கம், சிறுநீரக அளவில் திடீர்ச் சரிவு, அடிக்கடி சர்க்கரை தாழ்வது இவற்றில் ஒன்று தெரிந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். அந்த நிலையில் தோழிகளிடம் உண்மைக் காரணத்தைச் சொல்லத்தான் வேண்டியிருக்கும், அவர்கள் பணமும் அதில் இருக்கிறது.

எல்லாம் சரியாக நடந்து கப்பலை விட்டு இறங்கும் அன்று, விடுதிக் குளியலறையில் நிற்கும்போது தரை மெல்ல ஆடுவது போல இருக்கும். ஏழு நாள் ஆட்டத்துக்குப் பழகிய உள்காது அதை மறக்க ஒன்று இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம். ஆனால் தலை சுற்றுகிறது என்று தோன்றிய முதல் தடவை, கடல் மேல் பழி போடும் முன் விரலைக் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். கேபின் தோழியும் பக்கத்தில் இருந்து அந்த எண்ணைப் பார்க்கட்டும்.